ஆணித் துவக்கு: வாங்குமுன் கமக்காரர் ஆராயவேண்டியவை

சிறுபோக வேளாண்மையை வெட்டி முடித்தபின் மாரிமழை தொடங்கும்வரை கிடைக்கும் சில வாரங்களே கமக்காரர் தம் கொட்டில்களையும் களஞ்சியங்களையும் கவனிப்பதற்கு வாய்க்கும் காலமாகும். உக்கிய கைமரத்தை மாற்றுதல், ஆட்டுக்கொட்டிலின் தளத்தைப் புதுக்குதல், நெல் மூடைகளை அடுக்குவதற்கு மரத்தட்டுகள் செய்தல் ஆகிய வேலைகள் யாவும் இக்காலத்திலேயே வந்து குவியும். தச்சரோ அப்பொழுது எளிதிற் கிடைப்பதில்லை. இந்நிலையில், காற்றின் விசையால் ஆணி அறையும் கருவியொன்றை வாங்கினால் வேலையை நாமே விரைவாக முடித்துக்கொள்ளலாமே என்னும் எண்ணம் பலருக்கு எழுகின்றது. வன்பொருட் கடைகளில் ‘நெயிலர்’ என்னும் பெயரால் விற்கப்படும் இக்கருவியை இங்கு ஆணித் துவக்கு எனக் குறிப்பிடுவோம். தகுந்த வேலைக்குத் தகுந்த முறையிற் பயன்படுத்தினால் இது மிக நல்ல கருவி. ஆராயாது வாங்கியவர்க்கு இது பணச் செலவையும், சில வேளைகளில் ஆறாத காயத்தையும் தரும்.

ஆணித் துவக்கின் அமைப்பு சிக்கலானதன்று. காற்றமுக்கிப் பொறி, அதாவது கொம்பிறசர், தன் தாங்கியிற் சேர்த்துவைத்த காற்று றப்பர்க் குழாய் வழியாகத் துவக்கினுள்ளே வந்து நிற்கின்றது. விசையை இழுத்ததும் அக்காற்று உருளையினுள் இருக்கும் முசலத்தின் மேற்புறத்தைத் திடீரெனத் தாக்கும். முசலத்தோடு பொருத்தப்பட்ட உருக்குத் தண்டு கீழே பாய்ந்து, வாயிலே காத்திருக்கும் ஆணியை ஒரே அடியில் மரத்தினுட் செலுத்தும். விசையை விட்டதும் முசலம் மேலே மீண்டு, அடுத்த ஆணி தானாகவே வாய்க்கு வந்துவிடும். இவ்வளவும் கண்ணிமைக்கும் நேரத்துள் நிகழ்வது.

இக்கருவி முதன்முதலாக 1950 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவிலே விற்பனைக்கு வந்தது. அந்நாட்டிலும் கனடாவிலும் வீடுகளின் சுவர்ச் சட்டங்களும் கூரையும் தளமும் பெரும்பாலும் பைன், தேவதாரு போன்ற மென்மரங்களாலேயே அமைக்கப்படுகின்றன. ஒரு வீட்டுக்கு ஆயிரக்கணக்கான ஆணிகள் வேண்டும். அவ்வேலையின் பொருட்டுத் தோன்றிய கருவி இது என்பதைக் கமக்காரர் முதலில் மனத்திற் கொள்ளல் வேண்டும். ஏனெனில் நம் வளவுகளில் உள்ள மரம் அந்நாட்டு மரமன்று.

மரத்துக்கேற்ற கருவி

முதிரை, பாலை ஆகிய வன்மரங்களில் ஆணித் துவக்கை நம்புதல் கூடாது. ஆணி பாதியிலே நின்றுவிடும். அல்லது உள்ளே வளைந்து பக்கவாட்டில் வெளியே பாயும். வைரம் பாய்ந்த பனங் கைமரமும் அவ்வாறானதே. பனையிலும் தென்னையிலும் வெளிப்புறம் இரும்புபோல் இறுகியும் நடுப்பகுதி சோறுபோல் மென்மையாகவும் இருக்கும். வெளிப்புறத்தில் ஆணி வளையும்; நடுப்பகுதியில் இறங்கினாலோ அங்கே பிடிப்பு இராது. இம்மரங்களுக்குத் துறப்பணத்தால் துளையிட்டு, சுரையாணி பூட்டுதலே பழையதும் நம்பத்தக்கதுமான முறை. மலைநாட்டுச் சரிவுகளில் நாட்டப்பெற்ற பைன், பதனிடப்பட்ட இறப்பர் மரம், இறக்குமதியாகும் மென்மரப் பலகை ஆகியவற்றிலேயே துவக்கு தன் திறமையைக் காட்டும். யூக்கலிப்டசு இனங்களுட் சில மென்மையானவை, சில மிகக் கடினமானவை. ஆகவே துண்டொன்றில் அறைந்து பார்த்தே முடிவு செய்தல் நன்று.

கொங்கிறீற்று, செங்கல், இரும்பு ஆகியவற்றில் இதனை ஒருபோதும் பயன்படுத்தலாகாது. ஆணி தெறித்து அறைந்தவரையே தாக்கும்.

உண்மையில் வேண்டியதா?

பன்னிரண்டு அடி அகலமும் இருபது அடி நீளமுமுள்ள கொட்டில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரண்டடிக்கு ஒன்றாகப் பதினொரு சோடிக் கைமரங்கள் அதற்கு வேண்டும். ஒவ்வொரு கைமரத்தையும் முகட்டு வளையிலும் சுவர் வளையிலும் மும்மூன்று ஆணிகளாற் பொருத்தினால் 132 ஆணிகள். ஒவ்வொரு சரிவிலும் நான்கு வரிசை சிலாகைகள் வைத்து, கைமரத்தைக் கடக்கும் இடந்தோறும் இரண்டு ஆணி அறைந்தால் மேலும் 176. ஆக 308 ஆணிகளே. சுத்தியல் பழகிய கையுடையவர் இவற்றை அறைவதற்குப் பெருங்காலம் எடுப்பதில்லை. மரத்தை அளந்து வெட்டி ஏற்றி நிறுத்துவதே காலமெடுக்கும் வேலை. அதில் ஆணித் துவக்கு ஓர் உதவியும் செய்யாது. ஒரு கொட்டிலுக்காக மட்டும் துவக்கையும் காற்றமுக்கியையும் வாங்குபவர், ஒரு மூடை நெல்லை ஏற்றுவதற்கு லொறி வாங்குபவரை ஒப்பார்.

மரத்தட்டுகளின் கணக்கு வேறானது. மேலே ஏழு பலகையும் கீழே மூன்று பலகையும் மூன்று குறுக்குக் கட்டைகளிற் பொருந்திய தட்டொன்றுக்கு, சந்திக்கும் இடந்தோறும் இரண்டு ஆணியாக 60 ஆணிகள் செல்லும். இருபது தட்டுகளுக்கு 1,200. இங்கே கருவி தன் விலைக்கு வேலை செய்யும். சீமெந்துத் தரையில் நேரே அடுக்கிய நெல் மூடைகள் அடியிலிருந்து ஈரம் பிடித்துப் பூஞ்சணம் பற்றுவதைக் கண்டவர்கள் தட்டுகளின் அருமையை அறிவர். மரக்கறிப் பெட்டிகள், ஆட்டுக்கொட்டிலின் இடைவெளித் தளம், நீண்ட வேலி ஆகியவையும் இவ்வகையைச் சேர்ந்தவை. ஆயினும் அரையங்குலத்திலும் மெல்லிய பெட்டிப் பலகைகளுக்குச் சட்டவேலைத் துவக்கு பொருந்தாது. அது பலகையைப் பிளந்துவிடும். அவற்றுக்குச் சிற்றாணி அறையும் சிறு துவக்குகள் தனியாக உள்ளன.

ஐந்தாறு கமக்காரர் கூடி ஒரு கருவியை வாங்கிப் பகிர்ந்துகொள்வதும், சில நாட்களுக்கு வாடகைக்கு எடுப்பதும் தனியொருவர் வாங்குவதிலும் சிறந்தவை. காற்றமுக்கி மட்டும் பொதுவாக எப்போதும் பயன்படும் பொருள். உழவு இயந்திரத்தின் சில்லுகளுக்குக் காற்றடித்தல், அதன் வெப்பத் தணிப்பானிற் படிந்த பதரையும் தூசியையும் ஊதி நீக்குதல் ஆகியவற்றுக்கும் அது உதவும். ஆனால் உடலிலும் உடையிலும் படிந்த தூசியை அக்காற்றால் ஊதுதல் ஆபத்தானது.

இன்னொரு வகையும் உண்டு. உள்ளங்கையில் அடங்கும் சிறு காற்றுச் சுத்தியல் ஒன்று கடைகளிற் கிடைக்கின்றது. அது சாதாரணமாக நிறுத்து விற்கும் தனி ஆணிகளையே, ஒன்றன்பின் ஒன்றாக, பல சிறு அடிகளால் இறக்கும். வேகம் குறைவு, விலையும் குறைவு. சுத்தியலை ஓங்க இடமில்லாத மூலைகளில் அது மிகவும் வசதியானது. திருத்த வேலைகளையே பெரிதும் செய்யும் கமக்காரருக்குப் பெரிய துவக்கிலும் இதுவே ஏற்றதென்பது எம் கருத்து.

ஆணியைக் கொண்டே துவக்கைத் தெரிக

கடையிலே பலரும் துவக்கின் நிறத்தையும் பெயரையும் பார்க்கின்றனர். பார்க்கவேண்டியது அது ஏற்கும் ஆணியை. ஒரு துவக்குக்குரிய ஆணி மற்றொன்றுக்குப் பொருந்தாது. ஆணிகள் வரிசையாகக் கோக்கப்பட்டுச் சரிவாக நிற்கும் கோணத்தைப் பொறுத்தே துவக்கின் ஆணிப்பெட்டி அமைக்கப்பட்டுள்ளது. ஏறத்தாழ 21 பாகைச் சரிவுள்ளவை பிளாத்திக்குப் பட்டியாற் கோக்கப்பட்டவை. தலைகள் முழு வட்டமாக இருக்கும். 28 பாகையானவை மெல்லிய கம்பியாற் கோக்கப்பட்டவை. 30 முதல் 34 பாகை வரையுள்ளவை பெரும்பாலும் கடதாசிப் பட்டியில் ஒட்டப்பட்டவை. இவற்றுட் பல தலையின் ஒரு புறம் வெட்டப்பட்டவை. 15 பாகையில் சுருளாகக் கோத்த ஆணிகளும் உள. சுருளில் ஒரே முறையில் இருநூறுக்கு மேற்பட்ட ஆணிகளை இடலாம்; ஆனால் துவக்கின் பாரம் கூடும்.

இவற்றுள் எதைத் தெரிவது? முதலாவதாக, உங்கள் நகரத்துக் கடையில் எவ்வகை ஆணி ஆண்டு முழுவதும் கிடைக்கின்றதென விசாரியுங்கள். ஆணி கிடையாத துவக்கு வெறும் இரும்பு. எல்லா வகையும் கிடைக்குமாயின், 21 பாகையுள்ள பிளாத்திக்குப் பட்டி வகையைக் கொள்ளுதல் நன்று. கடதாசிப் பட்டி மாரிக்காலத்து ஈரத்தை உறிஞ்சி ஊதி, ஆணிப்பெட்டியில் இறுகிவிடும். முழுத் தலையுள்ள ஆணி பலகையை இழுத்துப் பிடிப்பதிலும் வெட்டுத்தலை ஆணியிலும் சிறந்தது.

கம்பிக் கோவையைத் தவிர்ப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஒவ்வோர் ஆணியும் பாயும்போது கோவைக் கம்பியின் சிறு துண்டுகள் நாற்புறமும் சிதறும். வளவிலே மாடு மேயும் வீட்டில் இது சிறு விடயமன்று. மாடு தன் தீனியை மெல்லாது விழுங்கிப் பின்னர் அசைபோடும் இயல்புடையது. வைக்கோலோடு சேர்ந்த கம்பியையும் ஆணியையும் அது பிரித்தறியாது. விழுங்கிய இரும்பு இருதயத்துக்கு அண்மையிலுள்ள இரண்டாம் இரைப்பையிற் தங்கும். அங்கே அது இரைப்பையைத் துளைத்து இருதயத்தைச் சூழ்ந்த சவ்வையும் குத்துமாயின், பசு தீனியை வெறுத்து, பால் வற்றி, முதுகை வளைத்து நின்று, இறுதியில் இறக்கவும் நேரும். ஆகவே எவ்வகை ஆணியாயினும் வேலை முடிந்தபின் காந்தமொன்றைக் கயிற்றிற் கட்டி நிலமெங்கும் இழுத்துச் சிதறியவற்றைப் பொறுக்கிவிடல் வேண்டும். பழைய ஒலிபெருக்கியிலுள்ள காந்தம் இதற்குப் போதுமானது. வைக்கோற் போருக்கு அருகில் துவக்கைப் பயன்படுத்தாதிருப்பதே மேல்.

ஆணியின் நீளம் மேலே வைக்கும் பலகையின் தடிப்பைப்போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு இருத்தல் வேண்டும். முக்கால் அங்குலப் பலகைக்கு இரண்டேகால் அங்குல ஆணி தகும். சட்டவேலைத் துவக்குகள் பொதுவாக 2 அங்குலம் முதல் 3½ அங்குலம் வரையுள்ள ஆணிகளை ஏற்கும்.

நீளத்தைப் பார்ப்போர் பருமனைப் பார்ப்பதில்லை. சுத்தியலால் அறையும் மூன்றங்குல ஆணி ஏறத்தாழ 3.8 மில்லிமீற்றர் பருமனுள்ளதாயின், துவக்கில் இடும் அதே நீள ஆணி பெரும்பாலும் 3.3 மில்லிமீற்றர் அல்லது அதனிலும் குறைந்த பருமனே உடையது. மெல்லிய ஆணி பாரத்தைத் தாங்கும் வலிமை குறைவு. முன்பு நான்கு ஆணி அறைந்த இடத்தில் ஐந்து அறைந்தாலே இரண்டும் சமமாகும். “முன்போலவே நான்கு போதும்” என்று அறைந்துவிட்டு, பின்னர் கொட்டில் ஆடுகின்றதெனக் கருவியைக் குறைகூறுவதிற் பயனில்லை. உடலில் வளையம் வெட்டப்பட்ட ஆணிகள் மரத்தை இறுகப் பற்றுவன. ஆட்டுக்கொட்டில் தளத்துக்கும் தட்டுகளுக்கும் அவையே உகந்தவை.

பசளை வைக்கும் அறையிலும், கோழிக்கொட்டிலிலும், கடற்காற்று வீசும் ஊர்களிலும் சாதாரண இரும்பாணி விரைவிற் கறள் பிடித்து அழியும். செம்புச் சேர்க்கை ஊட்டிப் பதனிட்ட மரமும் ஆணியை அரிக்கும். இவ்விடங்களில் உருகிய நாகத்தில் தோய்த்தெடுத்த ஆணிகளையே கேட்டு வாங்குக. பளபளப்பாக மெல்லிய பூச்சு மட்டும் இடப்பட்டவை நெடுநாள் நில்லா.

விசையின் வேறுபாடு

இக்கருவியை வாங்குவோர் தவறாது அறியவேண்டியது விசையின் வகை. ஆணித் துவக்கின் வாயில் அழுத்தினால் உட்செல்லும் முனையொன்று உண்டு. அது மரத்தில் அழுந்தியிருந்தாலன்றித் துவக்கு வெடியாது. ஒருவகைத் துவக்கில், முதலில் முனையை மரத்தில் அழுத்தி, அதன்பின் விசையை இழுத்தல் வேண்டும். அடுத்த ஆணிக்கு இரண்டையும் விட்டு மீண்டும் அதே ஒழுங்கில் தொடங்கல் வேண்டும். இதனை ஒழுங்குமுறை விசை எனலாம். மற்ற வகையில், விசையை இழுத்துப் பிடித்தவாறே முனை எங்கே முட்டினாலும் அங்கே ஓர் ஆணி பாயும். இது தொடுவிசை. விரைவான வேலைக்காரர் பின்னதை விரும்புவர்.

தொடுவிசையின் ஆபத்தோ பெரிது. பின்னுதைப்பால் துவக்கு துள்ளி மீண்டும் மரத்தில் முட்டினால், வேண்டாத இரண்டாம் ஆணி பாயும். விசையில் விரலை வைத்தபடி ஏணியில் ஏறுபவரின் தொடையில் முட்டினாலும் பாயும். உதவிக்கு நிற்கும் பிள்ளையின் தோளில் முட்டினாலும் பாயும். அமெரிக்காவில் 2001 முதல் 2005 வரை ஆண்டுதோறும் சராசரியாக 37,000 பேர் ஆணித் துவக்குக் காயங்களுக்காக மருத்துவமனை அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்தனரென அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் 2007 இல் அறிவித்தது. அவர்களுள் நூற்றுக்கு நாற்பது பேர் தொழிலாளர் அல்லர். தம் வீட்டு வேலையைத் தாமே செய்தவர்கள். தொடுவிசைத் துவக்கில் காயமுறும் வாய்ப்பு ஒழுங்குமுறை விசையிலும் ஏறத்தாழ இருமடங்கு என்பதும் அங்குள்ள தச்சுத் தொழில் பயிலுநரிடையே நடந்த ஆய்வுகளால் வெளியாயிற்று. காயங்களிற் பாதிக்கு மேற்பட்டவை கையிலும் விரல்களிலுமே நேர்கின்றன. நாற்று நடவும் களை பிடுங்கவும் வேண்டிய கை அது. ஆகையால் கமக்காரர் ஒழுங்குமுறை விசையுள்ள துவக்கையே கேட்டு வாங்கல் வேண்டும். சில துவக்குகளில் இருவகை விசையும் மாற்றக்கூடியவாறு அமைந்துள்ளன. அவற்றை வாங்கினால் ஒழுங்குமுறையிலேயே நிறுத்தி வைக்குக. முனையைக் கம்பியாற் கட்டிவைத்தோ கழற்றியோ பயன்படுத்துவது எக்காரணத்தாலும் தகாது.

காற்றும் மின்சாரமும்

சட்டவேலைத் துவக்குகள் பெரும்பாலும் சதுர அங்குலத்துக்கு 70 முதல் 120 இறாத்தல் வரையுள்ள அமுக்கத்தில் இயங்குவன. 90 இறாத்தலளவில் வேலையைத் தொடங்கி, ஆணியின் தலை பலகையோடு சமமாக நிற்கும்வரை சிறிது கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம். தலை பலகையினுட் புதைந்தால் மரநார் அறுந்து பிடிப்புக் குறையும். வெளியே நின்றால் நெல் மூடையைக் கிழிக்கும். ஆழத்தைச் சீராக்கும் திருகு உள்ள துவக்கே நல்லது.

ஓர் ஆணிக்கு ஏறத்தாழ 2 முதல் 3 லீற்றர் வளி செலவாகும். நிமிடத்துக்குப் பத்து ஆணி அறைபவருக்கு முப்பது லீற்றர் போதும். ஆகவே 25 லீற்றர்த் தாங்கியுடன், 90 இறாத்தல் அமுக்கத்தில் நிமிடத்துக்கு 70 லீற்றரளவு தரும் சிறு காற்றமுக்கி ஒருவரின் வேலைக்குத் தாராளமானது. மோட்டார் வண்டி மின்கலத்தில் இயங்கும் சிறு காற்றடிப்பான்கள் இதற்கு உதவா. குழாய் மிக நீண்டும் ஒடுங்கியும் இருப்பின் அமுக்கம் வழியிலேயே குறைந்துவிடும்.

அமெரிக்கச் சந்தைக்கெனச் செய்யப்பட்ட பழைய காற்றமுக்கிகள் மலிவாக விற்பனைக்கு வருவதுண்டு. அவை 120 உவோற்று மின்சாரத்துக்கு உரியவை. நம் நாட்டின் 230 உவோற்று மின்சாரத்தில் நேரே பூட்டினால் மோட்டார் எரிந்துபோம். பொறியின் பெயர்த்தகட்டை வாசிக்காது பணம் கொடுக்கவேண்டாம். மின்கம்பி வரிசையின் கடைசியிலுள்ள வீடுகளில் மாலையில் உவோற்றளவு குறைவதால் மோட்டார் தொடங்க முடியாது முனகும். அங்கே காலைப்பொழுதில் வேலை செய்தல் அல்லது பெற்றோலால் இயங்கும் பொறியைக் கொள்ளல் வேண்டும். மின்கலத்தாலும் வாயுக் குப்பியாலும் இயங்கும் துவக்குகளும் உள, குழாயின்றி எங்கும் கொண்டுசெல்லலாம் என்பது அவற்றின் நன்மை, விலையே தடை. காற்றுத் துவக்கிலே ஒட்டுவேலை நிலையத்து ஒட்சிசன் உருளையையோ வேறு வாயுவையோ ஒருபோதும் பூட்டக்கூடாது. துவக்கு வெடித்து உயிரிழப்பு நேரும்.

கூரையும் காற்றும்

1978 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆந் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியைக் கண்டவர்கள் கூரை எவ்வாறு பறக்குமென்பதை அறிவர். காற்று கூரையை மேல்நோக்கி உறிஞ்சி இழுக்கும். அப்பொழுது ஆணியானது வந்த வழியே பிடுங்கப்படும். எத்துணை விரைவாக அறைந்த ஆணியாயினும், நேரே பிடுங்கும் விசைக்கு அது வலியதன்று. மரத்தின் நுனிமுகத்தில் அறைந்த ஆணி அதனிலும் வலிகுன்றியது. ஆகவே கைமரத்தையும் சுவர் வளையையும் ஆணியோடு விடாது, இரும்புப் பட்டியாலோ சுரையாணியாலோ சேர்த்துப் பிணைத்தல் வேண்டும். பட்டியின் துளைகளில் ஆணியைச் சுத்தியலாலேயே அறைக. சாதாரணத் துவக்கால் துளையைக் குறிபார்த்து அறைதல் இயலாது. பட்டியில் மோதிய ஆணி தெறிக்கும். கூரைத் தகடுகளையும் இத்துவக்கால் அறையாது, வளையமிட்ட திருகாணியாலோ கொக்கிச் சுரையாணியாலோ பூட்டுக.

பாவனையும் பராமரிப்பும்

கண்ணாடியும் காதடைப்பும் இன்றித் துவக்கை எடுக்கலாகாது. மரத்தைப் பிடிக்கும் கை, ஆணி இறங்கும் இடத்திலிருந்து ஓர் அடியாவது விலகியிருத்தல் வேண்டும். கணுவிலும் பலகையின் விளிம்பிலும் அறைவதைத் தவிர்க்குக. ஆணி சிக்கினாலும், இடம் மாறினாலும், பிறர் கையிற் கொடுத்தாலும் முதலில் குழாயைக் கழற்றுக. சிறுவர்களை வேலைத்தலத்துக்கு அண்மையில் விடற்க.

கையில் ஆணி ஆழமாகப் பாய்ந்துவிட்டால் அதனைப் பிடுங்க முயலாது, அசையாதவாறு துணியாற் சுற்றி, உடனே மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும். ஆணி எலும்பிலோ மூட்டிலோ தைத்திருக்கலாம். சிறு காயமென்று மஞ்சள் பூசி விடுவதும் தகாது. சாணமும் சேறும் புழங்கும் கைகளில் ஏற்புவலி நோய்க் கிருமி புகுதல் எளிது. தடுப்பூசி பெறவேண்டுமா என்பதை வைத்தியரிடம் கேட்டறிக.

ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குமுன் காற்று நுழையும் வாயில் காற்றுக் கருவிகளுக்குரிய எண்ணெயில் மூன்று நான்கு துளி விடுக. எண்ணெய் வேண்டாதவாறு அமைந்த துவக்காயின் விடவேண்டியதில்லை. இயந்திர எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் உள்ளிருக்கும் றப்பர் வளையங்களைக் கெடுக்கும். மாலையில் காற்றமுக்கித் தாங்கியின் அடிவாய்க் குழாயைத் திறந்து, தேங்கிய நீரை வெளியேற்றுக. நம் நாட்டின் ஈரக் காற்றில் ஒரு நாளிலேயே குறிப்பிடத்தக்க அளவு நீர் சேரும். அதனை விட்டுவைத்தால் தாங்கி உள்ளே கறள் பிடித்து மெலியும்.

விதைப்பு வேலை தொடங்கித் துவக்கை நெடுநாள் வைக்கும்போது, ஆணிகளை எடுத்துவிட்டு, உள்ளே சிறிது எண்ணெய் விட்டு, காற்று வாயைக் குளவி கூடுகட்டாதவாறு துணியால் அடைத்து, பசளை மூடைகள் இல்லாத உலர்ந்த அறையில் பூட்டி வைக்குக. எஞ்சிய ஆணிகளை மூடியுள்ள தகரப் பேணியில் இட்டு, எந்த அளவு ஆணி என்பதை மேலே எழுதி வைக்கலாம்.